கவர் அண்ணாச்சி

தென்காசி வட்டாரத்திலேயே, ஊரறிய மேசைமேல் கவர்களை அடுக்கிவைத்துக்கொண்டு வேலை பார்த்த ஒரே அரசு ஊழியர் எங்கள் கவர் அண்ணாச்சிதான். அவசரப்பட வேண்டாம். அத்தனையும் கிருமி நீக்கிய, ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் பிளாஸ்டிக் கவர்கள்.

தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒன்றாக இருந்தோம். கிணற்றில் மாதிரி எடுக்க, வாளிக்குள் புதுக் கவரை விரித்து, மிச்சத்தை வெளிப்பக்கம் மடக்கி, வாளி தண்ணீரையே தொடாதபடி கட்டிவிடுவார். அடுத்த கிணற்றுக்கு அடுத்த கவர்.

"அந்தக் கெணத்துக் கிருமி இந்தக் கெணத்துக்கு ஏன்வே ஓசியில பஸ் ஏறணும்?" என்பார்.

நான் விதிமுறைப் புத்தகத்தைப் பார்க்காமலே ஒப்பிப்பவன். வாளியை மூன்று முறை அலசினால் போதும் என்பது என் கட்சி.

ஒரு சீசனில், குற்றாலத்து இட்லிக்கடை பாக்கியம் அக்காவின் கிணற்றில் கிருமி என்று முடிவு வந்தது. மாதிரி எடுத்தவன் நான். மறுபடியும் அப்படியே வந்தால் கடைக்குப் பூட்டு. சீசன் வியாபாரம்தான் அக்காவுக்கு வருஷச் சோறு.

இரண்டாம் மாதிரிக்கு அண்ணாச்சியும் வந்தார். தோள்பையைத் துழாவிவிட்டுக் கையை விரித்தார்.

"ஏம்மா, கவர் இல்லாம ஒண்ணும் செய்ய முடியாது பாத்துக்கிடுங்க."

அக்காவின் முகம் கறுத்தது. உள்ளே போய் ஒரு தபால் கவரைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இருக்கதே இதுதான் அண்ணாச்சி. பாத்துச் செய்யுங்க."

நான் அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணாச்சி அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"இது பேப்பர்லா! தண்ணி நிக்காதே. உள்ள வேற என்னமோ காயிதம் கெடக்கு, எடுத்து வைங்கம்மா. வே, ஜீப்புல என் கவர்க் கட்டு கெடக்கும், எடுத்துட்டு வாரும்."

இத்தனை வருஷம் அரசு உத்தியோகம் பார்த்தும் 'கவர்' என்றால் இன்னொரு பொருள் உண்டு என்று அறியாத மனிதர்! அருவியை விட்டுவிட்டு அவரை அண்ணாந்து பார்த்தேன்.

தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்தது. முதல்முறை வந்த கிருமி, அந்த முதல் மாதிரி எடுத்த அன்று காலை ஒரு குட்டையில் முக்கிய என் வாளியின் உபயம். அறிக்கையில் அண்ணாச்சி, "முதல் மாதிரி கவர் இல்லாமல் எடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினார். எடுத்தவன் பெயரை எழுதவில்லை.

பாக்கியம் அக்கா இன்றும் சாப்பிட வருகிறவர்களிடம் சொல்லுவார்: "கவரையே தொடாத மனுசன்யா அவரு!"

கவர் இல்லாமல் அவர் ஒரு கிணற்றையும் தொட்டதில்லை. தப்பைக் கண்டால் திருத்தாமல் விடாத நான், இதை மட்டும் கேட்டுக்கொண்டு இன்னும் இரண்டு இட்லி வாங்கிக்கொள்வேன்.