முப்பத்தாறு மார்க்கும் இரட்டைக் கோட்டு நோட்டும்

பெருமதிப்பிற்குரிய அத்தானுக்கு,

இங்கு நான், மனைவி, மகள் மூவரும் நலம். அக்காவின் நலம் அறிய ஆவல். உங்கள் நலத்தை அவளே வாரம் தவறாமல் போனில் சொல்லிவிடுவதால் தனியாக விசாரிக்கவில்லை.

இந்தக் கடிதம் தடங்கலில்லாமல் படிக்க முடிகிறதல்லவா? உங்கள் கண்ணாடி அதேதான். மாறியது என் கையெழுத்து. உங்கள் கல்யாணத்துக்கு நான் எழுதிய வாழ்த்தைத் தலைகீழாகப் பிடித்து, "மச்சான், இது வாழ்த்தா, மருந்துச் சீட்டா?" என்று கூட்டத்தில் கேட்டீர்கள். இருபத்தாறு வருஷம் ஆகிறது. நான் மறக்கவில்லை.

நாற்பத்தேழு வயதில் மாலைக் கல்லூரியில் சட்டம் படிக்கிறேன். ஒப்பந்தச் சட்டத்தில் போன முறை முப்பத்தாறு. தேற நாற்பது வேண்டும். தேறினால் அலுவலகத்தில் சட்டப் பிரிவுக்கு நான் தலைவன். தேறாவிட்டால், நான் வேலை கற்றுக்கொடுத்தவன் எனக்கு அதிகாரி. கையெழுத்து புரியாமல்தான் நாலு மார்க் போனது என்றேன். "கையெழுத்து மேல பழி போடாத மச்சான், உள்ள சரக்கு இருக்கான்னு பாரு" என்றீர்கள்.

அதற்குப் பதில் சொல்லத்தான் இரட்டைக் கோட்டு நோட்டு வாங்கப் போனேன், பிள்ளை எத்தனாவது படிக்குது சார் என்று கடைக்காரர் கேட்டார், மூணாவது என்றேன், நான் மூன்றாம் ஆண்டு என்பதால் அது பொய்யில்லை, முதல் பக்கத்தைப் பார்த்த மனைவி, "பேனா வழுக்கி விழுந்துடுச்சாங்க?" என்றாள், அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை என்பதால் பொறுத்துக்கொண்டேன், மகள் சிவப்புப் பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்து "கோட்டுக்கு மேல ஏறாதீங்கப்பா" என்று தினம் மிரட்டினாள், ஆறு மாதத்தில் பதினோரு நோட்டு தீர்த்தேன், அலுவலகத்தில் என் குறிப்பைப் பார்த்த மேலாளர் யார் எழுதினது என்றார், நான்தான் சார் என்றேன், "சரி, உண்மையைச் சொல்லுங்க" என்றார். பரீட்சை அன்னிக்கு மேற்பார்வைக்கு வந்த அம்மா என் விடைத்தாள் பக்கத்துல வந்து நின்னாங்க பாருங்க, நகரவே இல்ல. எழுத்து அவ்வளவு எடுப்பா இருந்துச்சு அத்தான்.

முடிவு வந்ததும் அந்தச் சரக்குப் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். போனில் வேண்டாம். எழுத்தில்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்களுக்கு முறைப்படி உள்ள வணக்கம்.

இப்படிக்கு,
தெளிவான கையெழுத்துடன்,
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் முடிவு வந்துவிட்டது. பதினேழு. கல்லூரி அலுவலகத்தில் போய்ச் சத்தம் போட்டேன். "போன தடவை புரியாத இடத்துக்கெல்லாம் சந்தேகத்துல மார்க் போட்டிருக்காங்க சார், இந்தத் தடவை முழுசாப் படிச்சுட்டாங்க" என்றார் குமாஸ்தா. இவ்வளவு அழகாக எழுதிய கடிதத்தைக் கிழிக்க மனம் வராமல் அனுப்புகிறேன். அடுத்த பரீட்சையைப் பழைய கையெழுத்தில்தான் எழுதுவேன், நாற்பது நிச்சயம். இந்தப் பின்குறிப்பும் அதே பழைய கையெழுத்துதான். உங்களால் படிக்க முடியாது என்ற தைரியத்தில் சொல்கிறேன்: சரக்கைப் பற்றி நீங்கள் சொன்னது சரி.