ஆண்டவர் வந்தாரா, மீட்டர் சார்?

அரியலூர் ஜில்லாவிலேயே ஆண்டவரைச் சந்தேகப்பட்டு, அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வதற்காகவே ஒரு வாரம்கூடத் தவறாமல் செபக்கூட்டத்துக்கு வந்த ஒரே மனிதர் எங்கள் தெரு மீட்டர் சார்தான். மின்சார ஆபீசில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். பெற்றோர் வைத்த பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. பால் தண்ணியாக இருந்தால் எல்லோரும் பால்காரரைச் சந்தேகப்படுவோம். கெட்டியாக இருந்தாலும் சந்தேகப்பட்டவர் அவர் ஒருவர்தான். “என்னத்தக் கலந்தான்னு தெரியலயே!”

எங்கள் தெருவில் அன்பியம் உண்டு. கத்தோலிக்கக் குடும்பங்கள் சனிக்கிழமை சாயங்காலம் வாரத்துக்கு ஒரு வீடாகக் கூடி, செபமாலை சொல்லி, விவிலியம் வாசித்து, சுண்டல் தின்று கலைவோம். அப்படிக் கூடும்போது ஆண்டவர் நம் நடுவில் இருக்கிறார் என்று பங்குச் சாமியார் ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார். மீட்டர் சார் அதைப் பிடித்துக்கொண்டார்.

“கரண்டு இருக்கான்னா டெஸ்டர் வெச்சாத் தெரியும். இவரு இருக்காருன்னு எதை வெச்சு சார் சொல்றது?” என்று என்னைக் கேட்டார். நான் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம். எனக்கு அவசரமாக இருமல் வந்துவிட்டது.

அன்றிலிருந்து வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களைக் கண்காணிக்க ஆரம்பித்தார். செபம் முடிந்ததும் தீர்ப்பு வரும்.

“இன்னிக்கு வரல.”

“எப்படிச் சொல்றீங்க?”

“மரியபுஷ்பம் கண்ணு பூரா பக்கத்துல இருந்த அம்மாவோட வளையல் மேலதான் இருந்துச்சு. நீங்க செபமாலை நடுவுல கொட்டாவி விட்டீங்க. அவரு வந்திருந்தா இப்படியா இருப்போம்?”

மரியபுஷ்பம் எதிர்வீடு. பால்வாடி டீச்சர், யாருக்கும் பயப்படாதவர். அவர் வீட்டு முறை வந்தபோது புது ஜன்னல் திரை, புது மேசைவிரிப்பு, பாயசம் என்று தடபுடல் செய்தார். மீட்டர் சார் பாயசத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு, “வரல. இவ்ளோ ஏற்பாடு எதுக்குன்னு யோசிச்சிருப்பாரு” என்றார். மரியபுஷ்பம் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

மீட்டர் சார் தன் வீட்டில் மட்டும் செபம் வைக்க விடமாட்டார். மனைவி போய்ச் சேர்ந்தபின் தனியாள். “எங்க வூட்டுக்குள்ள வந்து எதைப் பாக்கணும்ங்கறீங்க?” என்பார். உள்ளே என்னவோ இருக்கிறது என்று எங்களுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அவரோடு பழகினால் அது ஒட்டிக்கொள்ளும்.

லூர்து மாதா திருநாளுக்குத் தெருமுனையில் மாதா சிலை இருக்கும் கெபியில் சீரியல் பல்பு போட்டிருந்தோம். அந்தக் கரண்டு தன் வீட்டிலிருந்துதான் போகிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஒயரைப் பார்க்க ஸ்டூல் போட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ஏறினார். அது மரியபுஷ்பம் வீட்டிலிருந்து வருவதைக் கண்டுபிடித்த கணத்தில் கீழே விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்து, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது.

வீடு திரும்பியவருக்குத் தெருவே முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோனது. உள்ளே ஒரு கட்டில், ஒரு மாதா படம், இரண்டு தட்டு, அவ்வளவுதான் இருந்தன. ஒவ்வொரு டிபன் கேரியருக்கும் விசாரணை நடந்தது. “இட்லி ஏன் இவ்ளோ மெத்துனு இருக்கு? ஒங்களுக்கு என்ன வேணும்?”

ஒருநாள் மரியபுஷ்பம் ஆட்டுக்கால் சூப் கொண்டுபோனார். மீட்டர் சார் மோந்து பார்த்தார்.

“இன்னிக்குத் தவக்காலத்து வெள்ளிக்கெழமை. கறி ஆகாதுன்னு ஒனக்குத் தெரியாதா? படுத்துக் கெடக்குறவனப் பாவத்துல தள்ளப் பாக்குறியா?”

மரியபுஷ்பம் மறந்துதான் போயிருந்தார். உடைந்த எலும்பு சீக்கிரம் ஒன்றுசேர வேண்டுமே என்ற யோசனையில் கிழமையே நினைவில்லை. ஆனால் ஒப்புக்கொள்வாரா? “முடியாதவங்களுக்கு அந்தச் சட்டமெல்லாம் கெடையாதுங்க. வாயத் தொறங்க!” என்று ஸ்பூனை நீட்டினார். மீட்டர் சார் சந்தேகத்தோடு குடித்தார்.

இதற்குள் பெங்களூரில் இருக்கும் மகன் திருச்சி முதியோர் இல்லம் ஒன்றில் இடம் பார்த்துவிட்டான். ஞாயிறு காலை கார் வருவதாக ஏற்பாடு. “போய்த்தான் ஆகணுமா சார்?” என்று கேட்டேன்.

“காசு குடுத்து இருக்குற எடம். யாரு எதுக்குச் செய்றாங்கன்னு சந்தேகப்பட வேணாம் பாருங்க. எனக்கும் அலுத்துப்போச்சு சார்.”

அதை அப்படியே தெருவில் போய்ச் சொன்னேன்.

சனிக்கிழமை செபத்தை, அவரைக் கேட்காமலே, அவர் வீட்டில் வைத்தோம். கட்டிலைச் சுற்றிப் பாய் விரித்து உட்கார்ந்தோம். மன்றாட்டு நேரத்தில் மரியபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

“ஆண்டவரே, இந்த மீட்டர் சாருக்கு வாயி மோசம். ஒரு பாயசத்தக்கூட நல்லாருக்குன்னு சொன்னதில்ல. ஆனா அவரு பாக்குறாருன்னுதான் நான் ஒழுங்கா செபம் சொல்லவே கத்துக்கிட்டேன். அவரு போயிட்டா வாசலோரம் அந்த நாற்காலி சும்மா கெடக்கும். அதைப் பாத்துக்கிட்டு நாங்க என்னத்த செபம் சொல்றது? நீயே சொல்லு!”

கடைசி வார்த்தை அழுகையில் நனைந்து அதட்டலாகவே வந்தது. அந்த அறையில் ஆண்டவர் இருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. சொன்னால் ஆதாரம் கேட்பார்.

மீட்டர் சார் ரீடிங் எடுப்பதுபோல் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“சார், பையனுக்குப் போன் போடுங்க. கார் வேணாம்னு சொல்லிடுங்க.” அப்புறம் மரியபுஷ்பத்தின் பக்கம் திரும்பினார். “அழுவாத. நெசமாத்தான் அழுவுறியான்னு தெரியல. இருந்தாலும் அழுவாத.”

இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். எந்த வீட்டில் செபம் என்றாலும், தெருவில் அந்த வாக்கர் சத்தம் கேட்கும்வரை நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை.