கரை கண்டவர்

மனித குலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு நெருப்பா, சக்கரமா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் இல்லை, தன்னம்பிக்கைப் பேச்சுதான். நெருப்புக்கு விறகு வேண்டும், சக்கரத்துக்குப் பாதை வேண்டும். தன்னம்பிக்கைப் பேச்சுக்கு ஒரு மைக்கும், எழுந்து போனால் சம்பளம் வெட்டப்படும் என்ற நிலையில் சில ஊழியர்களும் இருந்தால் போதும். படகுப் போக்குவரத்துக் கழகத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி என்ற முறையில் இதை நான் பொறுப்போடு சொல்கிறேன்.

எங்கள் கழகத்துக்கு ஓர் ஆறு, ஒரு படகு, ஓர் இயக்குநர், நான்கு துணை இயக்குநர்கள். கடலை நெருங்கும் இடமாதலால் ஆறு நல்ல அகலம். படகு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகும். பிறகு திரும்பி வரும். சில நாட்களாக அது நடு ஆற்றில் நின்று யோசிக்க ஆரம்பித்திருந்தது. படகோட்டி இயக்குநரின் அறைக்கு வந்தார்.

"எஞ்சின் இருமுது சார். பிரிச்சுப் பார்க்கணும்."

"இருமுறது எஞ்சின் இல்லப்பா, உன் மனசு" என்றார் இயக்குநர்.

எங்கள் இயக்குநர் ஆழமானவர். ஆற்றைவிட ஆழமானவரா என்றால் தெரியாது. அவர் ஆற்றில் இறங்கியதே இல்லை. பழுது எஞ்சினில் அல்ல, 'மனப்பான்மை'யில் என்று அன்று மதியமே கூடிய கூட்டத்தில் ஒருமனதாக முடிவாயிற்று. எஞ்சின் பழுதுக்கு ஒதுக்கிய பணத்தை மனப்பான்மைப் பழுதுக்கு மாற்றினோம். மாலுமியை அழைத்தோம்.

மாலுமி யார் என்று கேட்பவர்கள் பேப்பர் படிக்காதவர்கள். எந்தக் கரையையும் தொடாமல் மிக நீண்ட தூரம் தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் சென்றவர் என்ற உலக சாதனைக்குச் சொந்தக்காரர். சாதனைக்குப் பின் வங்கிகளிலும் கல்லூரிகளிலும் பல் மருத்துவர் சங்கங்களிலும் பேசிப் பேசியே பல்லாயிரம் பேரைக் கரையேற்றியவர். 'தன்னம்பிக்கையில் கரை கண்டவர் வருகிறார்' என்று நானே பேனர் எழுதினேன்.

மேடை அலங்காரத்துக்குத் தனிக் கூட்டம் போட்டோம்.

"மேடையைப் பார்த்தா கடல் ஞாபகம் வரணும்" என்றார் இயக்குநர்.

"படகுல ரெண்டு ஜோடி துடுப்பு சும்மாதான் சார் கிடக்கு" என்றார் மூன்றாம் துணை இயக்குநர். எஞ்சின் நின்றால் போடுவதற்காக வைத்த துடுப்புகள் அவை. 'சும்மா கிடக்கும் சொத்தை ஆக்கபூர்வமாகப் பயன்படுத்துதல்' என்று அதைக் குறிப்பில் ஏற்றினேன். துடுப்புகளுக்கு வார்னிஷ் அடித்து, மேடைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக ஆணி வைத்து அறைந்தார்கள். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி.

இதற்கிடையில் என் அக்கா மகளின் விஷயம் ஒன்று இருந்தது. ரத்தப் பரிசோதனைப் படிப்பு முடித்து ஒரு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். எத்தனையோ இடத்துக்கு மனுப் போட்டு, முதல்முறையாக அக்கரையிலுள்ள மருத்துவமனை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. மாலுமி பேச வரும் அதே நாள், காலை பதினொரு மணி. தாமதமாக வருபவர்களைப் பார்க்க மாட்டோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

"பஸ்ல சுத்திப் போயிடறேன் மாமா. விடியக்காலை கிளம்பினா நிம்மதி."

"நம்ம படகு இருக்கும்போது பஸ் எதுக்கு? நான் எங்க வேலை பார்க்கிறேன்னு நாலு பேர் கேட்டா என்ன சொல்வே?"

"படகு ஓடுமா மாமா?"

"உலக சாதனையாளரே அதுல வர்றார். ஓடாம எங்க போகும்?"

அரைகுறை மனதோடு தலையாட்டினாள்.

அன்று காலை மாலுமி பேசினார். என்ன பேச்சு! அலை வந்ததாம், கலங்கவில்லையாம். சுறா வந்ததாம், அதன் கண்ணைப் பார்த்தாராம், சுறாவுக்கு வெட்கமாகப் போய்விட்டதாம். "பாயை விரிச்சுத் தூங்குறவன் இருக்கான், பாயை விரிச்சுக் கடலைத் தாண்டுறவன் இருக்கான். நீங்க யாரு?" என்று கேட்டார். முதல் வரிசையில் கண்ணயர்ந்திருந்த துணை இயக்குநர் திடுக்கிட்டு எழுந்து கைதட்டினார். கடைசியில் எங்கள் எல்லோரையும் எழுப்பி நிறுத்தி, "கரையை நினைக்காதே" என்று மும்முறை உரக்கச் சொல்ல வைத்தார். படகுக் கழகம் முழுதும் ஒரே குரலில் அதைச் சொன்னது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இப்போ உத்வேகம் வந்துச்சா?" என்று படகோட்டியைக் கேட்டார் இயக்குநர்.

"எனக்கு வந்துச்சு சார். எஞ்சின் கூட்டத்துக்கு வரல."

மாலுமிக்கு அக்கரையில் அடுத்த கூட்டம். அதற்கான பலகைகளையும் படகில் ஏற்றினோம். 'கரையை நினைக்காதே', 'திரும்பிப் பார்க்காதே', 'உன் பாரம் உன் மனதில்' என்று மூன்றும் ஆளுயரப் பலகைகள். படகு நிறையப் பயணிகள். வழியனுப்ப வந்த இயக்குநர் கரையிலேயே நின்றுகொண்டார்; மாலுமியோடு நான் ஏறினேன். அக்கா மகள் இஸ்திரி போட்ட சுடிதாரில், சான்றிதழ் உறையை மடியில் அணைத்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

பாதி ஆற்றில் எஞ்சின் இருமியது. தும்மியது. பிறகு 'கரையை நினைக்காத' நிலையை எய்தியது.

படகோட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "துடுப்பை எடுங்கப்பா" என்றார். பிறகு அவருக்கே ஞாபகம் வந்து என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். வானம் தெளிவாக இருந்தது.

"துடுப்பு எங்க?" என்று ஒரு காய்கறி வியாபாரி கேட்டார்.

"மேடையில" என்றேன்.

"மேடையில துடுப்பு என்ன பண்ணுது?"

"ஊக்கம் தருது."

படகு மெதுவாகக் கடல் பக்கம் நகர ஆரம்பித்தது. அக்கா மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் நல்லவேளையாக மாலுமி ஞாபகம் வந்தது. படகே அவரை நோக்கித் திரும்பியது.

"ஐயா, நீங்க இருக்கும்போது எங்களுக்கென்ன கவலை. கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திடுங்க" என்றேன்.

மாலுமி எழுந்து வந்தார். என் காதருகே குனிந்தார்.

"சார், எனக்குக் கரையிலேருந்து கிளம்பத் தெரியும். கரைக்கு வரத் தெரியாது."

"தன்னடக்கமா பேசாதீங்க."

"நெசமா சார். முதல் நாள் சாயங்காலமே வீட்டுக்குத் திரும்பத்தான் பார்த்தேன். பாயைத் திருப்பத் தெரியல. காத்து இழுத்துக்கிட்டே போயிடுச்சு. கடைசியில ஒரு சரக்குக் கப்பல்காரங்க கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க. கரையில ஏகப்பட்ட கேமரா. உலக சாதனைன்னாங்க. நான் பசியில இருந்தேன், சரின்னுட்டேன்."

"அப்புறம் எப்படிச் சார் பேசப் போனீங்க?"

"கூப்பிட்டாங்க சார். எவ்வளவு தூரம் போனீங்கன்னு எல்லாரும் கேட்டாங்க. ஏன் திரும்பி வரலன்னு ஒருத்தரும் கேட்கல."

காதோடு காதாகச் சொன்னதுதான். ஆனால் படகு சிறியது. காய்கறி வியாபாரி எழுந்துபோய் 'கரையை நினைக்காதே' பலகையைத் தூக்கினார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் 'திரும்பிப் பார்க்காதே' பலகையோடு இரண்டு பெண்கள். 'உன் பாரம் உன் மனதில்' பலகையை அக்கா மகள் பிடுங்கிக்கொண்டாள். தண்ணீரில் விட்டுத் துடுப்புப் போல வலிக்க ஆரம்பித்தார்கள். மாலுமி சும்மா இருக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு அவளோடு சேர்ந்து வலித்தார். கரை கிட்டே வரவர அவர் முகத்தில் ஒரு சின்னப் பையனின் பூரிப்பு. "இப்படித்தான் வரணுமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

கரை சேர்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அவள் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல், நனைந்த சுடிதாரோடு மருத்துவமனைப் பக்கம் ஓடினாள்.

மறுநாள் காலையே கழகத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. எவ்வளவு துரிதம் பாருங்கள். எஞ்சினைப் பற்றி நேரமின்மையால் பேச முடியவில்லை. 'கரைக்கு வரத் தெரியாத ஒருவர் சாதனையாளர் என்று சொல்லிக்கொண்டு கழகத்தையும் பயணிகளையும் ஏமாற்றிவிட்டார். நடந்தவற்றுக்கு முழுப் பொறுப்பும் அவரையே சாரும்' என்று தீர்மானம் நிறைவேறியது. மேற்படி மோசடியிலிருந்து பயணிகளை மீட்ட கழகத்தைக் கழகமே பாராட்டியது. பாராட்டுரையை எழுதும் பேறு எனக்குக் கிடைத்தது.

அதை எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா காபி போடவில்லை. எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை. அக்கா மகள் கூடத்தில் உட்கார்ந்து, தண்ணீர் பட்ட சான்றிதழ்களை ஒவ்வொன்றாக மின்விசிறிக்குக் கீழே காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"ஆளை எடுத்தாச்சாம். கெஞ்சிப் பார்த்தேன். இன்னொரு இடம் காலியாகலாம், அடுத்த வாரம் வந்து பாருன்னாங்க."

"அடுத்த வாரம் நானே முன்னால நல்ல சீட்டாப் பிடிச்சு..."

"பஸ்ல போறேன் மாமா."

பேச்சை மாற்றலாம் என்று பாராட்டுரையை எடுத்து வாசித்துக் காட்டினேன். மாலுமியின் மோசடியைப் பற்றிய பகுதி வந்ததும் குரலை ஏற்றினேன். "கரைக்கு வரவே தெரியாதாம். அப்படிப்பட்ட ஆள் நம்மளை என்ன பாடு படுத்திட்டான் பார்த்தியா?"

அவள் ஒரு சான்றிதழைத் திருப்பிப் போட்டாள்.

"அவர் மேல என்ன மாமா தப்பு? கரைக்கு வரத் தெரியாம அவராவது தனியாப் போனார். நீங்க டிக்கெட் குடுத்து எங்களையும் ஏத்திட்டுப் போனீங்க."