பெயின்ட் தீர்ந்துபோகும் இடம்

ஆமாம் காக்கா, உங்கள் எழுத்துதான். போட்டோவில் நீங்கள் பார்த்த மீன்கடை போர்டை நீங்கள் எழுதவில்லை. ஆனால் உங்கள் கை.

அண்ணனுக்கு ஸலாம் சொல்லாமலே தொடங்கிவிட்டேன். அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா, நான், ஆடு, மூவரும் சுகம். இப்ராஹிம் மாமா வியாழக்கிழமை துபாய்க்கு விமானம் ஏறுகிறார். நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். எண்ணெய் கசிந்து எழுத்து அழிந்திருந்தால் மாமாவிடமே கேளுங்கள். படிக்காமல் தரமாட்டார்.

கட்டுமாவடிக் கரையில் நீங்கள் பெயர் எழுதிய படகுகள் இன்னும் கிடக்கின்றன. எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன். ஒவ்வோர் எழுத்தாகக் கம்ப்யூட்டரில் வரைந்து ஃபான்ட் ஆக்கினேன். எழுத்தின் வாலில் பிரஷ் உலர்ந்து கோடுகோடாகப் பிரியுமே, அதையும் விடவில்லை. படகுக்கார நாகராசு அண்ணன் கத்துவாரே: "பெயின்ட் என்னோடதுதானப்பா, நல்லா முக்கி எழுது!" நீங்கள் முக்கவே மாட்டீர்கள். வெயில், தார் வாசனை, காய்ந்த வால். எனக்கு அவ்வளவுதான் மிச்சம்.

ஃபான்டை உங்கள் கூட்டாளி சந்தோஷின் ஃப்ளெக்ஸ் கடைக்குக் கொடுத்தேன். அங்கேதான் வினை. அவன் மீன்கடைக்குப் போட்டான், காதணி விழாவுக்குப் போட்டான், ஆண்டியப்பன் தாத்தா மவுத்துக் கண்ணீர் அஞ்சலிக்கும் அதையே போட்டான், அறந்தாங்கி முழுக்க நீங்களாகவே தொங்கினீர்கள், பஸ் ஸ்டாண்டில் உம்மா அண்ணாந்து பார்த்துட்டு, "ஏண்டி, ஒங் காக்கா வந்துட்டான், எங்கிட்டச் சொல்லாம போர்டு எழுதிக்கிட்டுத் திரியுறான்"னு நேரா சந்தோஷ் கடைக்கே போயிட்டாங்க.

"எம் புள்ளைய எங்கடா ஒளிச்சு வச்சிருக்கே?"

"பெரியம்மா, இது கம்ப்யூட்டர் எழுத்துங்க."

"கம்ப்யூட்டருக்குப் பெயின்ட் தீந்துபோகுமாடா?"

 

அன்றிலிருந்து உம்மா தினமும் உங்களுக்குப் பிடித்த நண்டு வாங்குகிறார். உங்கள் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார். இரவில் ஆடு கதவை முட்டினால் எழுந்து போய்த் திறக்கிறார்.

அடுத்த மாதம் என் நிக்காஹ். லீவு கிடைக்காது என்றீர்கள். சரி. எனக்கு வருத்தமில்லை. உம்மாவை இப்படி ஏமாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஃபான்டை அழித்துவிடச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் வந்து சேரும்போது ஊரில் உங்கள் எழுத்து ஒன்றுகூட இருக்காது. நீங்கள் நிம்மதியாக வேலையைப் பாருங்கள்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தையும், கொஞ்சம் இளகிய முதலாளியையும் தரட்டும்.

தங்கை
சாமியா

பி.கு.: நிக்காஹ் ஃப்ளெக்ஸுக்கு எந்த எழுத்து என்று சந்தோஷ் கேட்டான். அழிக்கச் சொன்னதையே போடச் சொன்னேன். அவன் அழிக்கவே இல்லையாம். இன்று காலை பஸ் ஸ்டாண்டில் கட்டியாயிற்று. கீழே, 'அன்புடன் அழைக்கும் அண்ணன் பாசித்'. உம்மா அதன் அடியில் வெகுநேரம் நின்றார்.  நண்டு வாங்கிவந்தார்.

நான் உலையில் ஓர் ஆள் அரிசி கூடப் போட்டேன்.