மூணுல ஒண்ணு

பயப்பட மற்றவர்களுக்குக் காரணம் இருந்தால் போதும். நாங்கள் ‘மூணுல ஒண்ணு’ என்று பட்டப்பெயர் வைத்த மனிதருக்குப் பின்னமும் வேண்டும். செஞ்சி மலையில் வழுக்கி விழ எத்தனை வாய்ப்பு என்று கணக்குப் போட்டுவிட்டு, கடைசிவரை ஏறாமலே இருந்த ஒரே உள்ளூர்க்காரர் அவர்தான். அறுபதுகளில் விதைக்கிடங்கு ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அனந்தபுரத்தில் அவருக்குப் பெண் பார்த்தோம். திரும்பும் பஸ்ஸில் செஞ்சி வரும்வரை மனிதர் எந்தக் கணக்கும் போடவில்லை. மனசைக் கொடுத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பெண்ணின் நைனாவுக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. கிளம்பும்போதே சொல்லிவிட்டார்: “வர வெள்ளிக்கெழம அம்மன் கோயில்ல பூ கட்டிப் பாப்போம். ரெண்டு வெள்ள, ரெண்டு செவப்பு. பொண்ணே ரெண்டு பொட்டலம் எடுக்கட்டும். ஜோடி வந்தா முகூர்த்தம். வரலன்னா மனசுல வெச்சிக்காதீங்க தம்பி.”

“பாதிக்குப் பாதி. கவலய வுடுய்யா” என்றேன் நான், செஞ்சியில் இறங்கியதும்.

“இன்னா பாதி? மொதல்ல வெள்ள வந்துட்டுதுன்னு வெச்சிக்க. மீதி மூணு பொட்டலம். அதுல வெள்ள ஒண்ணுதான். மூணுல ஒண்ணுய்யா, மூணுல ஒண்ணு.”

அப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடலை விதை வாங்க வந்தவரின் ரசீதில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘மூன்றில் ஒன்று’ என்று எழுதிக் கொடுத்தார். கறுப்பு இரண்டு, நீலம் இரண்டு என்று பேனா மூடிகளைப் பைக்குள் போட்டு நாளெல்லாம் உருவிப் பார்த்தார். வியாழக்கிழமை முகம் தெளிந்து வந்தார்.

“மூணு வெள்ள, ஒரு செவப்புன்னு கட்டச் சொன்னா சரிபாதி ஆயிடும்.”

போய்க் கெஞ்சினோம். “அம்மங்கிட்டயே பேரமா?” என்று நைனா எழுந்து உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சந்நிதியில் வாழையிலைப் பொட்டலங்கள் நான்கு. பெண் ஒவ்வொன்றையும் முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “இன்னா பக்தி பாரு” என்றார் பூசாரி. இரண்டை எடுத்து நீட்டினாள். பிரித்தார்கள். முதலாவது மல்லி. அடுத்தது செம்பருத்தி.

எங்கள் ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “வா, பஸ்ஸு வந்துடும்” என்று வாசலைப் பார்த்து நடந்தார். நான் செருப்பைத் தேடினேன்.

“எங்க கெளம்பிட்டீங்க மாப்ள?” என்றார் நைனா.

“ஜோடி சேரலியே…”

“வெள்ள ஒண்ணு, செவப்பு ஒண்ணு. இது ஜோடி இல்லாம இன்னா? ரெண்டும் ஒரே மாரி இருந்தா அதுக்குப் பேரு ஜோடியா? ஆணும் பொண்ணும் சேந்தாத்தான் ஜோடி.”

மனிதர் நின்றது நின்றபடி விரல்களை மடக்கினார். மூணுல ரெண்டு. அத்தனை நாள் பட்டினி கிடந்தது தப்பான பின்னத்துக்கு. நாங்கள் கெஞ்சியதற்கு நைனா இசைந்திருந்தால் அதுவும் சரிபாதியாக இறங்கியிருக்கும்.

கல்யாணமான பிறகு ஒருநாள் அவர் வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சிரித்தேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிராமலே சொன்னார்: “மல்லிக்கு வாசன இருக்குது, செம்பருத்திக்கு இல்ல. நைனா எத ஜோடின்னு சொல்வாருன்னும் எனக்குத் தெரியும். இது தெரியாம இன்னாதான் கணக்கு போட்டாரோ.”

கையில் எடுத்த கவளத்தோடு அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாவம், நல்ல மனிதர். பயப்பட அன்றைக்கு அவரிடம் ஒரு பின்னம்கூட மிச்சமில்லை.