ஒரு வாய்தா குடுங்க!

சவரிமுத்து அண்ணே! நீ போய் நாற்பது நாளாகிறது. நான் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தால் உனக்குப் பிடிக்காது. அதனால், உன் சோடா மெஷினைக் கிட்டத்தட்ட நானே பறிகொடுக்கவிருந்த கதையை இன்று எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன்.

பாலக்கரையில் நம் சோடாக் கடைக்கு விற்பனை வரி நோட்டீஸ் வந்தது. பாக்கியைக் கட்டாவிட்டால் மெஷினை ஜப்தி செய்துவிடுவார்களாம். அது போனால் வீட்டில் அடுப்பு எரியாது. இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்து வக்கீல் வீட்டுக்குப் போனாய். (அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. நீ பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். நம் வீட்டில் நான்தான் பெரிய படிப்பாளி!)

வக்கீல் நோட்டீஸைப் பார்த்தார். "பயப்படாதேப்பா. நாளைக்குப் பத்து மணிக்கு வரி ஆபீஸுக்கு வந்துடு. மொதல்ல ஒரு வாய்தா வாங்கணும். மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாய்: "ஏம்மா மேரி, வாய்தான்னா என்னா?"

(தள்ளிப்போடும் தேதி என்று இன்று தெரியும். அன்று தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது.)

"அது ஒரு பேப்பருண்ணே. கோர்ட்டு வாசல்ல விக்கும்."

"அப்ப காலையில நீ போயி வாங்கிட்டு வந்துடு. நான் ஆபீஸ்ல நிக்கிறேன்."

மறுநாள் கோர்ட்டு வாசலில் ஸ்டாம்பு விற்கும் பாயிடம் போய் நின்றேன்.

"ஒரு வாய்தா குடுங்க பாய்."

கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "பெரிசா, சின்னதாம்மா?"

"பெரிசாவே குடுங்க. மெஷினே போகப்போகுது."

"அடடா, இப்பத்தான் தீந்துச்சு. அந்த டைப் அடிக்கிறவரைக் கேளு."

டைப் அடிப்பவர் என்னை வெற்றிலைக் கடைக்கு அனுப்பினார். வெற்றிலைக் கடைக்காரர், "புதன்கிழமைதான் சரக்கு வரும்" என்றார்.

வரி ஆபீஸுக்கு ஓடினேன். உள்ளே வக்கீல், அதிகாரியிடம் வாய்தா கேட்டுக்கொண்டிருந்தார். நீ அவர் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய்.

"ஐயா, நீங்க எதுக்குக் கெஞ்சுறீங்க? தங்கச்சி வாங்கப் போயிருக்கு!"

"அண்ணே, எங்கயும் ஸ்டாக் இல்லையாம்!" என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

வக்கீல் நோட்டீஸாலேயே முகத்தை மூடிக்கொண்டார். அதிகாரி சிரித்த சிரிப்பில் மேஜை மேலிருந்த மைக்கூடு ஆடியது.

"என்கிட்ட ஒண்ணு இருக்கும்மா. ஒரு மாசம் வரும். போதுமா?"

நீ கையெடுத்துக் கும்பிட்டாய். நான்தான், "இதவிடப் பெரிசு இல்லையா சார்?" என்றேன்.

அந்த ஒரு மாதத்தில் பரண் முழுக்கத் துழாவிப் பழைய ரசீதுகளைத் தேடி எடுத்தோம். வக்கீல் பேசி வரியைக் குறைத்தார். மெஷின் பிழைத்தது. என் பெயர்தான் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து தெருவுக்கே நான் 'வாய்தா மேரி'.

நேற்றுகூடப் பெட்டிக்கடைக்காரர், "ஏய் வாய்தா, ரெண்டு டஜன் பன்னீர் சோடா அனுப்பு" என்றார். சிரித்துக்கொண்டே உன்னிடம் சொல்லத் திரும்பினேன். மெஷின் பக்கத்தில் யாரும் இல்லை.

இதைப் படித்துச் சிரித்தவர்களே, மாதா கோயிலோ, பெருமாள் கோயிலோ, பள்ளிவாசலோ, நீங்கள் போகிற இடத்தில் எங்கள் சவரிமுத்துவுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.