நீரஜாவின் குளவிகள் சௌக்கியம்

மயிலாப்பூர்
12.8.1996

சௌபாக்கியவதி நீரஜாவுக்கு உன் மாமியார் காமாக்ஷி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் ஆத்துக்காரன் சங்கரன், உன் குளவிகள் எல்லோரும் சௌக்கியம். லண்டன் குளிர் உன்னைப் படுத்தாமல் இருக்க வேண்டும்.

நீ ஆராய்ச்சிக்காக வளர்த்து என்னிடம் விட்டுப்போன குளவி விஷயத்தில் நடுவே ஒரு தடுமாற்றம் வந்து சரியாகிவிட்டது. பிறந்த பெண் குளவிகளை ஒரு நாள் ஆண்களோடு விட்டுவிட்டு, பிறகு முட்டையிடப் புழு கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தாய். நான் தாளைத் திருப்பிப் பார்க்காமல், வயசுப் பெண்களாயிற்றே என்று தனியே வைத்து, தேன் தடவி, புழுவும் கொடுத்துவிட்டேன். பத்தாம் நாள் புதுக் குளவிகள் வந்ததும் பூதக்கண்ணாடியில் பார்க்கிறேன், ஒன்றுக்குக்கூடப் பின்னால் பெண்ணுக்கு இருக்கும் அந்த முட்டையிடும் ஊசி இல்லை. ஐம்பத்து மூன்றும் ஆண். பாத்திரம் தேய்க்கும் தேவானை எட்டிப் பார்த்து, "அத்தினியும் ஆம்பளப் புள்ளயா? குட்த்து வச்சவம்மா நீ" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து பிள்ளை பிள்ளை என்று உன்னை அரித்தவள், அத்தனை பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்து அழுதேன். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி அடையாறில் உன் வாத்தியார் ராகவேந்திரனிடம் போனேன்.

"ஆணோட சேராமயே முட்டையிடும் மாமி. ஆனா அதுல ஆண்தான் பொறக்கும். சேர்ந்தாத்தான் பெண்" என்றார்.

"அப்பா இல்லாம பிள்ளையா?"

"ஆமா மாமி. அதுக்கு அப்பா கிடையாது, தாத்தா உண்டு."

இனி என்ன வழி என்றேன். தாய்க் குளவி உயிரோடு இருந்தால் அதன் பிள்ளை ஒன்றையே அதோடு விடச் சொன்னார். "கண்றாவி, அதெல்லாம் எங்காத்துல நடக்காது" என்று எழுந்து வந்துவிட்டேன். ஆனாலும் உன் மூன்று வருஷ உழைப்பாயிற்றே. ஸ்வாமி அறைக் கதவைச் சாத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உள்ளே விட்டேன். இப்போது பாட்டிலில் நாற்பது பெண்கள். ஆகையால் நீ எதற்கும் கவலைப்படாமல், அவசரப்பட்டு வராமல், படிப்பை முடித்துக்கொண்டு நிதானமாக வா.

தீர்க்க சுமங்கலியாக, நல்ல பெயரெடுத்து இரு.

இப்படிக்கு,
காமாக்ஷி

பி.கு.: அம்மா நீரஜா, ஒன்றை உள்ளே விட்டேன் என்று மேலே எழுதியது பொய். நான் வீடு வந்து சேருவதற்குள் தாய்க் குளவிகள் எல்லாம் செத்திருந்தன. உன் குளவி வம்சம் முடிந்துவிட்டது. இந்த நாற்பதும், மறுபடி போய் நின்ற எனக்கு வாத்தியார் ஆறுதலுக்குக் கொடுத்த அடையாறுக் குளவிகளின் பெண்கள். உடனே உனக்கு எழுதச் சொன்னார். மூன்று வாரமாக மறைத்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் நீ குளவியைத்தான் விசாரிக்கிறாய். அது போய்விட்டால் எனக்கு எழுத உனக்கு என்ன இருக்கும்? திட்டியாவது நாலு வரி போடு.